நம் தோட்டத்தில் நீ கட்டப்போகும் பல்கலைக்கழகம்

கதிர், நீ அனுப்பிய நீள அட்டைக் குழாய் பத்திரமாக வந்து சேர்ந்தது. தபால்காரப் பையன் அதை மோட்டார் சைக்கிளில் குறுக்கே கட்டிக்கொண்டு வந்து, "அங்கிள், ஆஸ்திரேலியாவுல இருந்து பீரங்கி வந்திருக்கு லா, சைன் போடுங்க" என்றான். எதிர்வரிசை வீடுகளில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த இத்தனை காலத்தில் அவர்கள் என்னை எட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்காகவே உனக்கு நன்றி சொல்ல வேண்டும். குழாய்க்குள் இருந்த கடிதத்தையும் படித்தேன். நாம் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் அந்தப் பல்கலைக்கழகம் எழும்பி முடிகிற வரைக்கும் இங்கேயே வந்து இருந்து வேலையைப் பார்ப்பதா, இல்லை மெல்பர்னிலேயே உட்கார்ந்து வரைந்து கொடுத்துவிட்டு வேறு ஒருவரை இங்கே அனுப்புவதா என்று இந்த மாதக் கடைசிக்குள் உன் கம்பெனிக்கு நீ பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரியில், "நீங்க என்னப்பா நினைக்கிறீங்க?" என்று ஒரு கேள்வி. அதற்குத்தான் இந்தப் பதில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது உன்னை வா என்று கூப்பிடுவதற்காக எழுதும் கடிதம் அல்ல. எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும். அடுப்படியிலிருந்து உன் அம்மா, "முதல் பக்கத்துலயே பொய்யா?" என்கிறாள்.

வரைபடத்தை நடு வீட்டில் விரித்து, நான்கு மூலையிலும் மைலோ டின், அகராதி, என் செருப்பு, அம்மிக் குழவி எல்லாம் வைத்து அழுத்தி, முட்டி போட்டுப் பார்த்தேன். மூன்றாம் படிவத்தில் தேறாமல் லோரி ஓட்டப் போனவனுக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவு புரிந்தது. படம் முழுக்க வட்ட வட்டமாகப் போட்டிருந்தாய். அத்தனையும் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொண்டேன். "புள்ள வறட்சிக்குப் பயந்து எத்தன தொட்டி வச்சிருக்கான் பாரு" என்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்துவிட்டு, "மரம்ங்க அது. மேல இருந்து பாத்தா மரம் அப்படித்தான் இருக்கும்" என்றாள். நீ மரத்துக்கு மேலே ஏறியிருக்கிறாயா என்று அவளைக் கேட்டேன். "பால் வெட்டப் போன காலத்துல மேட்டுத் தீம்பார்ல நின்னு பள்ளத்து ரப்பர் மரத்தப் பாத்ததில்லையா?" என்றாள். பிறகு அவள் சொல்லச் சொல்ல நான் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வடக்கு எங்கள் பக்கம் இருக்கிறது, நாங்கள் தலைகீழாக உட்கார்ந்திருக்கிறோம் என்று கண்டுபிடித்தோம். செருப்பை எடுத்து மறு மூலையில் வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் சிரித்துக்கொள். மேட்டை வெட்டிச் சமமாக்காமல், சரிவு எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுக் கட்டடங்களைத் தூண் மேல் நிறுத்துகிறாய். பள்ளத்து நீரோடையை மூடவில்லை. கூரைத் தண்ணீரெல்லாம் அங்கே போய்ச் சேரும்படி குட்டை வைத்திருக்கிறாய். காற்று எந்தப் பக்கம் வருமோ அந்தப் பக்கம் திறந்து, வெயில் எந்தப் பக்கம் இறங்குமோ அந்தப் பக்கம் தாழ்வாரத்தை நீட்டி, ஏர்கோன் இல்லாமல் பிள்ளைகள் படிக்கலாம் என்கிறாய். இன்றைக்கு ஒரு படிப்பு, பத்து வருஷம் கழித்து வேறு படிப்பு என்று மாறினாலும் எதையும் இடிக்க வேண்டியதில்லை, உள்சுவர்களைத் தள்ளி வைத்தால் போதும் என்று எழுதியிருக்கிறாய். சின்ன வகுப்பு வேண்டுமா, சுவரை இழு. பெரிய மண்டபம் வேண்டுமா, சுவரைத் தள்ளு. அந்த இடத்துக்கு வந்ததும் உன் அம்மா விரலை வைத்து நிறுத்திவிட்டாள். "இது நம்ம வாசுகி கல்யாணம்ங்க" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. நான்தான் முதலில் நினைத்தேன், அவள் முதலில் சொல்லிவிட்டாள்.

உன் அக்கா கல்யாணம் உனக்கு நினைவிருக்கும். ஆனால் அன்று காலையில் நீ மாலை வாங்க சிரம்பானுக்குப் போய்விட்டாய், ஆகவே நீ பார்த்தது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன். தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் நம் வீட்டுக்கும் முனியாண்டி வீட்டுக்கும் நடுவில் இருந்தது பலகைச் சுவர். கூரை வரைக்கும் போகாது, தலைக்கு மேலே ஒரு முழத்தில் நின்றுவிடும். இந்தப் பக்கம் நான் "உப்பு எங்கடி?" என்று கேட்டால் அந்தப் பக்கத்திலிருந்து முனியாண்டி பெண்சாதி செல்லம்மா, "அடுப்புக்கு மேலண்ணே, டின்னுல" என்பாள். அந்தப் பலகைகளை ஒரு நீளச் சட்டத்தில் அடித்து, சட்டத்தைத் தூணோடு போல்ட்டு போட்டு முறுக்கியிருந்தார்கள். போல்ட்டின் தலை ஒரு வீட்டில், நட்டு அடுத்த வீட்டில். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் அந்த வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டோடு இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய்க் கேட்பார். அவர்கள் கட்டில், பெட்டி எல்லாவற்றையும் வெளியே தூக்கி வைத்துவிட்டுச் சுவரைக் கழற்றித் தருவார்கள். மூன்று வீடு ஒரே கூடமாகிவிடும். மழை வந்தாலும் பந்தி நடக்கும். மறுநாள் திரும்ப மாட்டிவிடுவோம். துரைக்குத் தெரியும், ஆபீஸ் கிராணிக்குத் தெரியும், யாரும் கேட்டதில்லை.

இதில் எனக்கு வந்த சிக்கல் என்னவென்றால், திருவிழாவில் முனியாண்டி மைக்கைப் பிடித்துப் பாடிய பாட்டைப் பற்றி நான் வீட்டில் உன் அம்மாவிடம் ஒரு கருத்துச் சொன்னேன். கழுதை என்ற ஒரு வார்த்தை அதில் இருந்தது. சுவர் கூரை வரைக்கும் போகவில்லை என்பதை அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. நின்றது என்றா சொன்னேன், இன்னும் அதிகமானது. அவன் தன் பெண்சாதியிடம் பேசுகிற சாக்கில் என்னைத் திட்டுவான். நான் உன் அம்மாவிடம் பேசுகிற சாக்கில் பதில் கொடுப்பேன். இரண்டு பெண்களும் குழாயடியில் நின்று, "இன்னைக்கு உங்க ஆளு நல்லா சொன்னாரு லா" என்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். உன் அக்காவுக்கு நாள் குறித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு போக எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பாடாங் திடலிலேயே பந்தல் போட்டுக்கொள்கிறேன், எவன் சுவரும் எனக்கு வேண்டாம் என்று சுவருக்குக் கேட்கும்படி சொன்னேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெய்த மழையில் பந்தல் நடுவில் தொங்கி, கீழே பாடாங் முழுக்க வாத்து நீந்துகிற மாதிரி ஆகிவிட்டது.

அன்று காலை நான் நடு வீட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் இழுக்கிற சத்தம். பெட்டி இழுக்கிற சத்தம். பிறகு ஸ்பேனர் சத்தம். நட்டைத் திருகுகிறான். இந்தப் பக்கம் போல்ட்டுத் தலையைப் பிடிக்க ஆள் இல்லாததால் போல்ட்டும் சேர்ந்து சுற்றுகிறது. கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு அவன் சத்தமாகச் சொன்னான்: "செல்லம், அந்தப் பக்கம் தலையப் புடிக்க ஒரு மனுசன் இருக்கானான்னு கேளு. இல்லாட்டி பொண்ணுக்குப் புள்ள பொறக்கிற வரைக்கும் நான் சுத்திக்கிட்டே இருக்கணும்." நான் உன் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "இருக்கான்னு சொல்லு." லோரியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து பிடித்தேன். அவன் அங்கே திருக, நான் இங்கே பிடிக்க, ஒவ்வொன்றாகக் கழன்றது. கடைசிச் சட்டத்தை இறக்கியதும் நடுவில் ஒன்றும் இல்லை. அவன் நிற்கிறான், நான் நிற்கிறேன், இரண்டு பேரும் கைலியோடு. அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னா மச்சான், சாயங்காலம் ரெண்டு பாட்டு பாடலாமா? இல்ல, பொண்ணு வீட்டுக்காரங்க பயந்துருவாங்களா?" என்றான். "நாங்கதான்டா பொண்ணு வீடு" என்றேன். பாடினான். நான் சொன்ன கருத்தில் தப்பில்லை என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்தது.

இதை நினைத்துத்தான், உன் பல்கலைக்கழகத்திலும் இரண்டு பக்கமும் ஆள் வேண்டியிருக்கும்படி போல்ட்டு வை என்று படம் வந்த அன்றே போனில் யோசனை சொன்னேன். தீயணைப்பு இலாகா சம்மதிக்காது அப்பா, அவசரத்தில் ஒரே ஆள் ஒரு கையால் தள்ளித் திறக்க வேண்டும் என்றாய். நியாயம்தான். நீ சொன்னதுதான் சரி. எங்கள் லயத்தில் தீப்பிடித்திருந்தால் நானும் முனியாண்டியும் யார் முதலில் பேசுவது என்று பார்த்துக்கொண்டே வெந்திருப்போம்.

இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தாய். இடத்தைப் பார்க்க வந்த குழுவில் யாரோ ஒருவர், ஒரு வரிசை லயத்தை மட்டும் இடிக்காமல் நினைவுச் சின்னமாக வைக்கலாம் என்று சொன்னாராம். வேண்டாம், கதிர். அதற்கு வர்ணம் அடித்து, கயிறு கட்டி, உள்ளே ஒரு பால் வாளியை வைத்து, நானே டிக்கெட் எடுத்துப் போய் என் அடுப்படியைப் பார்க்க வேண்டுமா? கூரை ஒழுகின வீடு அது. உன் அம்மா முதுகு வலித்து எழுந்த வீடு. நன்றாகக் கட்டப்பட்ட ஒன்று அங்கே வரட்டும். அதில் யார் பிள்ளையாவது உட்கார்ந்து படிக்கட்டும். நான் கேட்பது அந்த வீட்டை அல்ல. இப்போது இருக்கிற இந்த அம்பாங்கான் தாமான் வீட்டுச் சுவர் செங்கல் சுவர், கூரை வரைக்கும் போகிறது. நான் என்ன கேட்டாலும் எந்தப் பக்கத்திலிருந்தும் பதில் வருவதில்லை. உப்பை நானே தேடிக்கொள்கிறேன்.

வாரத்துக்கு ஒரு தரம் மோட்டாரை எடுத்துக்கொண்டு போர்ட்டிக்சன் ரோட்டில் நம் பழைய தோட்டத்துக்குப் போய் வருகிறேன். நாங்கள் காலி செய்தபோது விட்டு வந்த வாழை இன்னும் குலை தள்ளிக்கொண்டிருக்கிறது. அளவெடுப்பவர்கள் முளைக்குச்சி அடித்துச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். நீ முதலில் அனுப்பிய சின்னப் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இது நூலகம், இது ஆய்வுக்கூடம் என்று குச்சிக்குக் குச்சி நடப்பேன். ஒரு நாள் நூலகம் என்று நினைத்து அரை மணி நேரம் நின்று பார்த்தது, கடைசியில் கழிவுநீர்த் தொட்டிக்கு அடித்த குச்சி. அளவெடுக்கும் பையன்தான் சொன்னான். "பாக்சிக், இங்க என்னா தேடுறீங்க?" என்று அவன் ஒவ்வொரு வாரமும் கேட்கிறான். என் மகன் வரைந்தது என்று முதல் வாரமே சொல்லியாகிவிட்டது. இப்போது நான் தூரத்தில் வரும்போதே அவன் டீ குடிக்கப் போய்விடுகிறான்.

இப்போது என் கடிதங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பள்ளத்தை அடைமழையில் வந்து பார்த்தால்தான் தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரியும் என்று ஆண்டுக் கடைசியில் எழுதினேன். பால்மரம் இலையுதிர்க்கும் காலத்தில் வெயில் எப்படி இறங்குகிறது என்று நேரில் பார்க்க வேண்டும் என்று அதற்கடுத்த கடிதத்தில் எழுதினேன். பிறகு காற்று திசை மாறுகிறது என்று ஒன்று, புகைமூட்டக் காலத்தில் ஜன்னலை என்ன செய்வாய் என்று ஒன்று. நீ ஒவ்வொன்றுக்கும் மதிப்புக் கொடுத்து, அளவு போட்டு, பக்கம் பக்கமாகப் பதில் எழுதினாய். உன் மேலதிகாரியிடமும் காட்டியதாக எழுதினாய். அவருக்கு என் வணக்கத்தைச் சொல். அடைமழை, இலையுதிர்வு, காற்று, புகை எல்லாம் நீ வந்து பார்க்காமலே உனக்குத் தெரியும். அங்கே பிறந்து பதினெட்டு வயது வரை நனைந்தவன் நீ. ஒரு வருஷத்தில் எத்தனை பருவம் இருக்கிறதோ அத்தனையையும் நான் தீர்த்துவிட்டேன். இனி எழுதப் பருவம் இல்லை.

ஆகையால் உண்மையிலேயே அந்தக் கட்டடத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். உன்னைக் கோலாலம்பூரில் பல்கலைக்கழக விடுதியில் கொண்டுபோய் விட்ட நாளை எடுத்துக்கொள். தோட்டத்து லோரியைக் கேட்டு வாங்கி, பால் வாடை போக இரண்டு தரம் கழுவி, உன் அம்மாவை நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா லோரியை உள்ளே விடவில்லை. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "நான் பாத்துக்கிறேம்பா, நீங்க கெளம்புங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாய். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவாய் என்று எனக்குத் தெரியும், ஆகவே அதில் வருத்தம் இல்லை. நீ நாங்கள் உடனே கிளம்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நாங்கள் போகவில்லை.

தோட்டத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டுக்காரர் வாசல் வரைக்கும் வந்து போய்வாருங்கள் என்று சொல்லாமல் யாரும் கிளம்ப மாட்டோம். அது எங்கள் பழக்கம். அவ்வளவு பெரிய இடத்தில் பிள்ளையை ஒப்படைத்திருக்கிறோம், யாராவது ஒருவர் வெளியே வந்து, சரி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போய்வாருங்கள் என்று சொல்வார்கள் என்று நினைத்துக் காத்திருந்தோம். உட்கார இடமில்லை. சாலை ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தோம். வெயில் ஏற ஏற லோரியின் நிழலோடு நாங்களும் நகர்ந்தோம். உனக்குக் கொடுக்கக் கட்டி, கொடுக்க மறந்த புளிச்சோற்றை நாங்களே தின்றோம். உன் அம்மா, "யாராச்சும் வருவாங்களா?" என்று கேட்டாள். "பெரிய எடம்டி, வேல இருக்கும், வருவாங்க" என்றேன். சாயங்காலம் ஜாகா வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது எங்களைப் பார்த்துவிட்டு சைக்கிளை நிறுத்தினார். மலாய்க்காரர், என் வயதுதான் இருக்கும். விஷயத்தைக் கேட்டார். சிரிக்கவில்லை. சைக்கிளை ஓரமாக வைத்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, "பூலாங்லா, அபாங். போய்ட்டு வாங்க, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று பாதி மலாயும் பாதி தமிழுமாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கிளம்பத் தெரிந்தது.  காஜாங் தாண்டும்போது உன் அம்மா, "நல்ல மனுசன்" என்றாள். அவ்வளவுதான்.

உன் படத்தில் மாணவர் நடக்கத் தாழ்வாரம் இருக்கிறது, ஆசிரியருக்கு அறை இருக்கிறது, மழைத் தண்ணீர் வந்து தங்கக் குட்டை இருக்கிறது. கொண்டுவந்து விடுகிறவர்களுக்கு இடம் இல்லை. விரலை வைத்துத் தேடினோம், நானும் அவளும். வாசல் பக்கத்தில், ஒரு கூரை போட்டு, நாலு பேர் சாய்ந்து உட்காருகிற மாதிரி ஓர் இடம் வை. பக்கத்தில் ஒரு குழாய். சோற்றுப் பொட்டலம் பிரித்தால் யாரும் விரட்டாத இடமாக இருக்கட்டும். சுவர் வேண்டாம், உள்ளே போகிற பிள்ளை கடைசித் திருப்பம் வரைக்கும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிள்ளைகள் வருவது வருஷத்தில் சில நாள்தான், மற்ற நாளில் அது வீணாகக் கிடக்கும் என்று உன் மேலதிகாரி சொல்லலாம். மற்ற நாளில் வேறு எதற்காவது பயன்படும்படி நீ ஏதாவது வழி வைத்துவிடுவாய், அது உன் தொழில். இதற்கு நீ இங்கே வர வேண்டியதில்லை. அங்கேயிருந்தே வரையலாம். பார், என் வாயாலேயே சொல்லிவிட்டேன்.

வந்தால் உன் வேலைக்கு நல்லதா, அங்கேயே இருந்தால் நல்லதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசினால் நம்பாதே. அங்கே நீ ஒரு வாழ்க்கை கட்டியிருக்கிறாய். அதை அப்படியே போட்டுவிட்டு வா என்று சொல்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை. ஆனால் நீ கேட்டது நான் என்ன நினைக்கிறேன் என்று. நினைப்பதைச் சொல்கிறேன். நீ ஒரு நாள் காலையில் இந்த வீட்டிலிருந்து பசியாறிவிட்டு, என் மோட்டாரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். சாயங்காலம் செம்மண் அப்பின சப்பாத்தோடு வந்து, சிமெண்டு நேரத்துக்கு வரவில்லை என்று யாரையாவது திட்ட வேண்டும். உன் அம்மா சப்பாத்தை வெளியே கழற்றச் சொல்லிக் கத்த வேண்டும். தினமும் இதைத்தான் நினைக்கிறேன். வா, கதிர். சொல்லிவிட்டேன். அடுப்படியில் சத்தத்தைக் காணோம், அவளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

பதில் எதுவானாலும் முதலில் உன் கம்பெனிக்குச் சொல். எங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு முடிவெடுக்காதே. அதற்குப் பிறகு எனக்கு எழுது. போன் செய்யாதே. போனில் ஹலோ என்கிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். கடிதமாகப் போடு. அங்கே நீ ஒட்டி, அது விமானம் ஏறி, இங்கே வந்து இறங்கி, தபால்காரப் பையன் கொண்டுவந்து கொடுக்கிற வரைக்கும், நீ என்ன எழுதியிருந்தாலும், நான் உனக்கு அறையைக் கூட்டி வைத்துக்கொண்டு இருப்பேன்.

அப்பா